ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்: மேல்நிலைத் தொட்டி வரை நல்ல தண்ணீர், அதற்குப் பிறகு?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடுகளைப் பார்க்கலாம். பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளூரைடின் வேலை அது. இதற்கு மாற்றாகத்தான் ஜப்பானின் ஜைக்கா என்ற அரசு நிறுவனத்தின் கடனுதவியோடு ஒகேனக்கல் திட்டம் வந்தது. 1998-இல் மத்திய அரசின் தடையில்லாச் சான்று, 2008-இல் அடிக்கல், 2013-இல் தொடக்க விழா. இடைப்பட்ட காலத்தைப் பணமும் கர்நாடகத்தின் எதிர்ப்பும் தின்றன.

கட்டுமானத்தைக் குறை சொல்ல முடியாது. ஒகேனக்கல்லில் எடுக்கும் காவிரித் தண்ணீர் ஓசூர் போய்ச் சேர 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சுத்திகரித்து, கட்டம் கட்டமாகப் பம்ப் செய்துதான் ஏற்றுகிறார்கள். ஆனால் ஒரு கட்டத்தில் கரண்ட் போனாலோ மெயின் லைன் உடைந்தாலோ, முதலில் வறள்வது கடைக்கோடி ஊர்தான்.

அந்த நாளில்தான் கெடுதல் ஆரம்பிக்கிறது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்குள் பழைய போர் லைனும் வந்து விழுகிறது. ஆற்றுத் தண்ணீர் குறைந்தால் டேங்க் ஆபரேட்டர் போர் மோட்டாரைப் போட்டு நிரப்பிவிடுவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தெருவில் காலிக் குடங்களோடு நிற்பவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். போரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளூரைடு, ஆற்றில் 0.3 என்று வையுங்கள். சரிபாதி கலந்தால் 1.65. இந்தியத் தரநிர்ணயம் விரும்பும் அளவு 1. வேறு வழியே இல்லாத இடத்தில்கூட 1.5-தான் உச்சம். நாலில் ஒரு பங்குக்கு மேல் போர் தண்ணீர் சேர்ந்தாலே 1-ஐத் தாண்டிவிடும். இத்தனை கோடி செலவழித்துக் கொண்டுவந்த தண்ணீரின் பலன் ஒரு வால்வில் போய்விடுகிறது என்பதுதான் ஆற்றாமை.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஃப்ளூரைடு ஆவியாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குளோரினாலும் பயனில்லை.

இன்னொன்று, வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாமல் போவது ஒரு பக்கம். குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது, சாக்கடையை ஒட்டிப் போகும் லைனில் கசிவு இருந்தால் அந்த அழுக்கும் உள்ளே இழுபடும்.

ஊராட்சி செய்ய வேண்டிய வேலை பெரிய செலவில்லாதது. போர் லைனை மேல்நிலைத் தொட்டியிலிருந்து துண்டித்து, தெருவில் இருக்கும் மினி பவர் பம்ப் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். துணி துவைக்க அது போதும். குடிக்கவும் சமைக்கவும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மட்டும். பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது தொட்டியடியில் ஒன்று, கடைசி வீட்டுக் குழாயில் ஒன்று என்று இரண்டு எடுங்கள். ஆற்றுத் தண்ணீர் வராத நாளிலும் ஒரு முறை எடுங்கள். கலப்பு நடந்தால் அன்றைக்குத்தான் அகப்படும்.