முன் ஷாஃப்ட்டை வீட்டிலேயே மாற்றி இரண்டு வருடம்

பர்கூர் பக்கம் கரட்டடியில் எங்கள் மாந்தோப்பு இருக்கிறது. ஐப்பசி மழையில் அந்தச் செம்மண் தடத்தில் நான்கு சக்கரமும் இழுத்தால்தான் வண்டி ஏறும். அதற்கென்றே வைத்திருக்கும் பழைய ஜீப்பில் 2023 கடைசியில் ஒரு தொல்லை தொடங்கியது. நான்கு சக்கர இழுவையில் கிளட்ச்சை விட்டால் ‘டங்’ என்று ஓர் அடி. சாதாரணமாக ஓட்டும்போதும் நாற்பதைத் தாண்டினால் காலடியில் அதிர்வு. ஒரு பணிமனையில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். என் மனம் ஒப்பவில்லை.

முன் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் சுழல்தண்டான முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டில்தான் கோளாறா என்று பார்க்க, அதைக் கழற்றி வைத்துவிட்டு, பின்சக்கர இழுவையிலேயே கிருஷ்ணகிரி வரை போய்வந்தேன். அதிர்வு அடியோடு நின்றுவிட்டது. நான்கு சக்கர இழுவைக்கு லீவர் போட்டு மாற்றும் வண்டிகளுக்குத்தான் இந்தச் சோதனை. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாமல் இப்படிச் செய்தால், இழுவையெல்லாம் அந்த வெற்று முனையிலேயே சுழன்றுபோகும்.

ஷாஃப்ட்டின் முனையில் சாய்ந்து சுழல இடம்தரும் கூட்டல்குறி வடிவ மூட்டான கிராஸைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். அதன் கைகளை மூடியிருக்கும் பேரிங் கப்புக்குள் கிரீஸுக்குப் பதில் செந்தூள். ஊசி ரோலர்கள் அழுத்திய இடமெல்லாம் கோடு கோடாகப் பள்ளம். நகத்தால் வருடினால் தட்டியது. எப்போதாவது போடும் நான்கு சக்கர இழுவைக்கு இவ்வளவு தேய்மானமா என்று மலைத்தேன். முன் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை அச்சிலிருந்து பிரித்துவிடும் வசதி இல்லாத வண்டியில், லீவர் எங்கே இருந்தாலும் சக்கரம் உருளும்போதெல்லாம் இந்த ஷாஃப்ட்டும் சுழல்கிறது. ஷாஃப்ட்டின் இரு துண்டுகளும் பல்லுக்குப் பல் கோத்திருக்கும் ஸ்பிளைனிலும் ஆட்டம் இருந்ததால் முழு ஷாஃப்ட்டாகவே வாங்கினேன்.

பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. போல்ட் கைக்கு எட்டும்வரை நான் ஷாஃப்ட்டைச் சுழற்றுவேன். வெளியே நின்றபடியே கை நீட்டி, “போடட்டுமா சித்தப்பா?” என்று கேட்டு அண்ணன் மகன் லீவரைப் போடுவான். ஷாஃப்ட் பூட்டிக்கொள்ளும், ஸ்பேனருக்குப் பிடி கிடைக்கும்.

கவனம் முழுவதும் வேண்டிய இடம் ஸ்பிளைன். கிராஸைப் பிடித்திருக்கும் கவைகளான இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். சாய்வாகச் சுழலும் கிராஸ் ஒரு சுற்றில் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அதை மறுமுனைக் கிராஸ்தான் ஈடுசெய்கிறது. ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலும் அந்தக் கணக்கு கெட்டு அதிர்வு வரும்.

இப்போது 26,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. முதல் 500 கிலோமீட்டரில் நட்டுகளைச் சரிபார்த்தபோது ஒன்று மட்டும் கால் சுற்று இறுகியது. பிறகு எதுவும் அசையவில்லை. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், சேற்றுத் தண்ணீரில் இறங்கி ஏறிய மறுநாளும், நான்கு கப் ஓரத்திலும் பழைய கிரீஸ் பிதுங்கும்வரை அடிக்கிறேன். சிரமம் ஒன்றுதான். இழுவையை முன்பக்கத்துக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்தில், கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள் மேல்நோக்கி நின்றுவிட்டால் கிரீஸ் கன் நுழையாது; வண்டியைக் கொஞ்சம் உருட்டி, நிப்பிளைக் கீழே கொண்டுவந்துதான் அடிக்க வேண்டும். பழைய ஷாஃப்ட்டில் செந்தூளாகிக் கிடந்ததும் அந்தப் பக்கக் கிராஸ்தான்.