வி-கிராஸ் பின்பாடிக்கு மடிக்கும் அலுமினிய மூடி: போடலாமா?

போடலாம். ஆனால் மழைக்காகப் போடுகிறீர்களா, பூட்டுக்காகவா, தூசிக்காகவா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் விற்கிறவர்கள் மழையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். திருப்பூரில் வெள்ளை பனியன் பண்டல் ஏற்றுகிறவனுக்கு மழையை விடத் தூசிதான் எதிரி. நனைந்த துணியைக் காயப்போட்டாவது சமாளிக்கலாம், செம்மண் ஏறின பீஸ் செக்கிங்கில் நேராக ரிஜெக்ட்.

என் வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், பின்னால் திறந்த பாடி இருக்கும் டபுள் கேபின் பிக்கப். வாரநாளில் திருப்பூர், பல்லடம் ஜாப் ஒர்க் லோடு. ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் பக்கம் தோட்டத்துக்கு உரம், தவிடு, மோட்டார். இத்தனை நாள் தார்ப்பாயும் கயிறும்தான். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியுமே, உடுமலை தாண்டினால் தார்ப்பாய் பாதி வழியில் படபடவென்று அடித்து ஓரம் கிழிந்துவிடும். டீ குடிக்க நிறுத்தினால் லோடை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சுருட்டுகிற வினைல் கவர் மலிவு, ஆனால் பிளேடு இருந்தால் போதும், பூட்டு இருந்தும் பிரயோஜனமில்லை. ஒரே பலகையாக வரும் ஃபைபர் மூடி அழகு. உயரமாக ஒரு பெட்டி ஏற்ற வேண்டுமென்றால் மூடியைத்தான் வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். ரோலர் ஷட்டர் வகை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சுருட்டி வைக்கும் டப்பா கேபினை ஒட்டி இடத்தைச் சாப்பிடும், ஒன்றரை மீட்டர் பாடியில் அது பெரிய நஷ்டம். மிச்சம் மூன்று மடிப்புப் பலகை மூடி. மேலும் கீழும் அலுமினியத் தகடு, நடுவில் ஃபோம், மடிப்புகளில் ரப்பர். அதைத்தான் எடுத்தேன். நாலு டயர் மாற்றும் செலவை விட அதிகம், அதைச் சொல்லிவிடுகிறேன்.

கோயமுத்தூரில் முதலில் போன கடையில், "ஏனுங்ணா, இது யுனிவர்சல் தானுங்க, எந்த வண்டிக்கும் உக்காந்துக்கும்" என்றார்கள். அப்படி ஒன்று கிடையாது. அமெரிக்க வண்டிகளுக்கு ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டடி என்று பாடி நீளம் இருக்கிறது. நம் வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி டபுள் கேபின் வண்டிகளில் சுமார் ஐந்தடிதான். நீளம் சரியாக இருந்தாலும் பக்கச் சுவரின் உள்விளிம்பு வண்டிக்கு வண்டி வேறு, கிளாம்ப் பிடிப்பதே அந்த விளிம்பில்தான். இன்னொரு வில்லங்கம் ஸ்போர்ட்ஸ் பார், அதாவது கேபினுக்குப் பின்னால் பாடி மேல் நிற்கும் குழாய் வளைவு. அழகுக்காக அதை மாட்டியிருந்தால் அதன் கால்கள் உட்காருகிற இடமும் மூடி உட்காருகிற இடமும் ஒன்றுதான். பாரோடு சேர்த்து உட்காரும் மாடலா என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, மூடியை மேலே வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். நான் பாரைக் கழற்றிவிட்டேன். போனால் போகட்டும், அதனால் எனக்கு ஒரு உபயோகமும் இருந்ததில்லை.

மாட்டுகிற வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். விளிம்பையும் மூடிக் கிடக்கும் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால் கிளாம்ப் பிளாஸ்டிக்கைப் பிடித்து வழுக்கும். கிளாம்ப் வருகிற இடங்களில் லைனரை வெட்டித்தான் ஆக வேண்டும். விளிம்பைத் துடைத்து, கிளாம்ப் படுகிற இடத்தில் தடிமனான டேப் ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆட்டத்தில் பெயிண்ட் தேய்ந்து அங்கேதான் துரு ஆரம்பிக்கும். அப்புறம் மூடியைக் கேபின் பக்கம் மடித்து வைத்து, விரித்து, இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவா என்று பார்த்து, கையால் மட்டும் முறுக்கி, பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்த பிறகு, வீல் நட் முறுக்குகிற மாதிரி குறுக்காக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கடைப் பையன் நட் முறுக்கும் ஏர் கன்னை எடுத்தால் தடுத்துவிடுங்கள், மரை போய்விடும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாக் கிளாம்பையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். துளை இல்லை, வெல்டிங் இல்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பது எனக்குப் பிடித்தது.

முன்பக்க மூலைகள் இரண்டிலும் வடிகால் ட்யூப் வரும். இந்த மூடிகள் தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை, மடிப்பில் இறங்குகிற தண்ணீரை ஓரத்துச் சட்டத்தில் வாங்கி ட்யூப் வழியாகக் கீழே விடுகின்றன, அதுதான் டிசைனே. ட்யூப் மடங்கினாலோ தென்னஞ்சருகு அடைத்தாலோ தண்ணீர் உள்ளேதான் வரும். வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் கொட்டுகிற மழையில் ஏறி இறங்கினேன். பின்மூலையில் கை அகலத்துக்கு ஈரம், மற்றபடி அட்டைப்பெட்டி காய்ந்தே இருந்தது. மழைக்கு நல்ல மார்க்.

தூசிக்கு ஃபெயில். தாராபுரம் பக்கம் மண்ரோட்டில் ஓட்டி வந்து திறந்தால், மூடி பளபளவென்று இருக்கிறது, உள்ளே பண்டல் மேல் மாவு தூவின மாதிரி மண். மூடியின் குற்றம் இல்லை. வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறையும், சக்கரம் கிளப்புகிற தூசியெல்லாம் அங்கே சுழன்று பின்கதவின் அடியிலும் கீல் பக்கத்து இடுக்கிலும் உள்ளே இழுபடும். மேலே எவ்வளவு கெட்டியாக மூடினாலும் கதவு இடுக்கு திறந்தே இருக்கிறதே. லேத் பட்டறைக்குப் பக்கத்து ரப்பர் கடையில் கார் கதவுக்குப் போடும் பீடிங் மீட்டர் கணக்கில் வாங்கி, கதவின் அடியிலும் இரண்டு ஓரத்திலும் ஒட்டி, கீல் மூலைகளில் ஸ்பாஞ்ச் வெட்டிச் செருகினேன். சில நூறு ரூபாய் வேலை. இப்போது பாலித்தீன் சுற்றின பண்டலை நம்பி ஏற்றுகிறேன். மூடி விற்ற கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூட்டும் அப்படித்தான். மூடியைப் பூட்டினாலும் பின்கதவுக்குத் தனிப் பூட்டு இல்லாவிட்டால் கதவைத் திறந்து கையை விட்டு எடுத்துவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. மூன்று பலகையையும் மடித்துக் கேபினோடு நிறுத்தினால் பின்கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. மடித்து ஓட்டினால் மூடியை அதன் பெல்ட்டால் கட்டியே ஓட்டுங்கள், காற்றுக்குத் தூக்கி அடித்தால் மடிப்பு ரப்பர் கிழியும். இருபதடி பிவிசி பைப் ஏற்ற வேண்டுமென்றால் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், பெயிண்டில் கீறாமல் இறக்க இரண்டு ஆள் வேண்டும். சித்திரை வெயிலில் கறுப்பு அலுமினியம் கை வைக்க முடியாது. மேலே ஏறி நிற்கலாமா என்று மச்சான் கேட்டான். அமெரிக்காவில் பேர்போன பேக்ஃபிளிப் எம்எக்ஸ்4 மடிப்பு மூடியே தாங்குவது 400 பவுண்டு, அதாவது சுமார் 180 கிலோதான், அதுவும் சமமாகப் பரவின எடைக்கு. ஒரு ஆள் குதிங்காலை ஊன்றினால் கணக்கு வேறு. தென்னை மரத்தடியில் நிறுத்துவதையும் விட்டுவிடுங்கள், ஒரு காய் விழுந்தால் தகடு குழிந்துவிடும்.

லோடு எப்போதும் பாடிக்கு மேலே குவிகிற தேங்காய், வைக்கோல் ஆட்களுக்கு இது வேண்டவே வேண்டாம், தார்ப்பாயே போதும். பெட்டி, பண்டல், டூல்ஸ் என்று விளிம்புக்குக் கீழே அடங்குகிற லோடு ஏற்றுகிறவர்கள் வாங்கலாம். வாங்குகிற அன்றைக்கே மடிப்பு ரப்பரும் வடிகால் ட்யூபும் ஒரு செட் உபரியாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு போய்க் கேட்டால் "ஸ்டாக் இல்லீங்க, ஆர்டர் போட்டாத்தான் வருமுங்க" என்றுதான் பதில் வரும்.