மேக்னமா, காஸ்கேடா, சாட்ஸா? நம்ம வெயிலுக்கு எந்த ஹாப்ஸ்

குப்பம் பக்கத்திலிருந்து ரயிலேறி, பெங்களூர் மைக்ரோபுரூவரிகளில் (சிறு பியர் ஆலைகளில்) தொழில் பழகுகிறவர்கள் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸ் என்றதும் மணத்தைத்தான் கேட்பார்கள். சித்தூர் வெயிலுக்கு முதலில் கேட்க வேண்டியது, எது கெடாமல் நிற்கும் என்பது.

கசப்பு ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலத்திலிருந்து வருகிறது. ஜெர்மனியில் உருவான மேக்னம் ரகத்தில் அது 11 முதல் 16 சதவீதம். 1972-ல் வந்த அமெரிக்கக் காஸ்கேடில் 4.5 முதல் 7, செக் நாட்டு சாட்ஸில் 3 முதல் 4.5. இருபது லிட்டர் சோதனைக் காய்ச்சலில் 12 சதவீத மேக்னம் 15 கிராம் போட்டு 60 நிமிஷம் கொதிக்கவிட்டால் சுமார் 21 ஐபியு (பியரின் கசப்பை அளக்கும் அலகு) கசப்பு இறங்கும். அதே கசப்புக்கு 6 சதவீதக் காஸ்கேட் 30 கிராம், 3.5 சதவீத சாட்ஸ் 50 கிராமுக்கு மேல் பிடிக்கும். அவ்வளவும் அண்டாவின் அடியில் பச்சைச் சேறாகத் தங்கி மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றைக் குடித்துவிடும், தழை வாடையும் ஏறும். கசப்புக்கு மேக்னம்தான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மணத்தில் மேக்னம் எடுபடாது. காஸ்கேடில் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளிய வாசம் வரும். அடுப்பை அணைக்க 5 நிமிஷம் இருக்கும்போது 25 கிராம் போடுங்கள்; முன்னாலேயே போட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். மாம்பழ வாசத்துக்கு சிட்ரா என்ற ரகம் உண்டு, விலை அதிகம். அதைக் கசப்புக்காக ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவது காசைக் கொதிக்கவிடுவதுதான்.

சாட்ஸின் மணம் மென்மையானது, பில்சென் நகரத்தில் பிறந்த வெளிர் பியரான பில்ஸ்னருக்கு அதை விட்டால் வேறில்லை. ஆனால் அந்த நகரத்துத் தண்ணீர் மிக மென்மையானது. பைகார்பனேட் மிகுந்த போர் தண்ணியில் காய்ச்சினால் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆர்ஓ தண்ணீர் கலந்தே ஆகவேண்டும்.

இனி வெயில். இருபது டிகிரியில் ஆறு மாதம் வைத்தால் மேக்னம் ஆல்ஃபாவில் எண்பது சதவீதத்தைக் காப்பாற்றும். காஸ்கேடும் சாட்ஸும் ஏறக்குறைய பாதியை இழக்கும். நம் ஊர் ஏப்ரலில் இன்னும் வேகம். ஆகவே மேக்னத்தைக் கிலோவாக வாங்கலாம். மற்றதை 100 கிராம் பாக்கெட்டாக, காற்று நீக்கியதாக வாங்கி உடனே ஃப்ரீசரில் வையுங்கள். பிரித்ததும் ஒரு பெல்லட்டை (அழுத்திய ஹாப்ஸ் குளிகையை) உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். பச்சை நிறமும் பிசுபிசுப்பும் இருந்தால் சரி. பழுப்பேறி, பழைய சீஸ் நாற்றம் அடித்தால் தூக்கிப் போடுங்கள். அளவைக் கூட்டிப் போட்டால் அந்த நாற்றமும் கூடத்தான் செய்யும்.