உகப்பாக்க மாடல் எழுதும் மென்பொருள்கள்: ஒன்பது ஆண்டு அனுபவம்

எந்தக் கிடங்கைத் திறப்பது, எங்கிருந்து யாருக்கு எவ்வளவு அனுப்புவது போன்ற முடிவுகளில், நிபந்தனைகளை மீறாமல் செலவு மிகக் குறைந்ததைத் தேடும் கணித மாடல் எழுதுவதுதான் ஒன்பது ஆண்டுகளாக என் வேலை. இந்த மாடல்களை எழுத உதவும் மென்பொருள்களில், பைத்தான் நிரல்மொழியின் பல்ப் கொண்டு தொடங்கினேன். பிறகு பையோமோ, இடையில் ஓராண்டு ஆம்பிள், இப்போது பெரும்பாலும் ஜூலியா நிரல்மொழியின் ஜம்ப். புதிதாகச் சேருபவர்கள் முதல் நாளில் "எந்தக் கருவி நல்லது?" என்று கேட்பார்கள். மூன்றாவது வாரத்தில் அவர்கள் கொண்டுவரும் கேள்விகள் வேறு. கருவியை மாற்றினாலும் அவை கூடவே வரும்.

முதலில் கருவிகளைப் பற்றி. 1985இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ஆம்பிள்தான் எனக்குச் சரியாக எழுதக் கற்றுத் தந்தது. தாளில் எழுதும் கணிதம் அப்படியே திரையில் நிற்கும். மாடல் ஒரு கோப்பு, தரவு வேறு கோப்பு. பணம் செலவழிக்காமல் அந்த எழுத்துமுறையைப் பழக ஜி.எல்.பி.கே. என்ற இலவச மென்பொருள் போதும், அதன் மொழி ஆம்பிளின் ஒரு பகுதிதான். பல்ப் சிறிய மாடல்களுக்கு எளிது. பையோமோ எதையும் தாங்கும், ஆனால் லட்சக்கணக்கான கட்டுப்பாடுகள் (விடை மீறக்கூடாத நிபந்தனைகள்) வந்தால் மாடலைக் கட்டி முடிப்பதற்கே நேரம் பிடிக்கும். அந்தக் காத்திருப்பு பொறுக்காமல்தான் ஜம்புக்கு வந்தேன். வந்ததில் வருத்தமில்லை.

இனி கேள்விகள். "மூடிய கிடங்கிலிருந்து எப்படிச் சரக்கு போகிறது?" என்று ஒரு முறை வாடிக்கையாளர் கேட்டார். கிடங்கு திறந்தால் 1, மூடினால் 0 என்று இருக்க வேண்டியது திறப்பு மாறி. அறிக்கையில் அந்தக் கிடங்குக்கு அது 0. அங்கிருந்து போனதோ 60 பெட்டி. கட்டுப்பாட்டை நான் பாடப்புத்தக முறையில்தான் எழுதியிருந்தேன்: அனுப்பும் அளவு ≤ எம் × திறப்பு. எம் என்பது நாமே தேர்ந்தெடுக்கும் ஒரு பெரிய எண். அது பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து ஒரு கோடி கொடுத்திருந்தேன். திறப்பு மாறியைக் கூடுதல் தசம இடங்களோடு அச்சிட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது: அது 0 அல்ல, 0.000006. முழு எண்ணிலிருந்து 0.00001 வரை விலகியிருந்தாலும் முழு எண்ணாகவே ஏற்றுக்கொள்வது குரோபி போன்ற சால்வர்களின் (மாடலை வாங்கி விடை கண்டுபிடிக்கும் மென்பொருள்களின்) இயல்பான அமைப்பு. ஒரு கோடியை 0.000006ஆல் பெருக்கினால் 60. சால்வர் தவறவில்லை, நான் கொடுத்த எம் அந்த வழியைத் திறந்துவிட்டது. அந்தக் கிடங்கின் உண்மையான கொள்ளளவான 1,200ஐ எம் ஆகப் போட்டதும் கசிவு நின்றது. அன்றிலிருந்து என் மாடலில் ஒவ்வோர் எம்முக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: இந்த எண் எங்கிருந்து வந்தது என்று. குறிப்பு எழுத முடியாத எம்மை நான் அனுமதிப்பதில்லை.

இன்னொன்று: "கட்டுப்பாடுகளைக் குறைத்தேன், ஆனாலும் ஏன் மெதுவாகிவிட்டது?" இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. 15 கிடங்கு, 40 வாடிக்கையாளர் என்று வையுங்கள். ஒவ்வொரு கிடங்குக்கும் "இங்கிருந்து சேவை பெறுவோரின் கூட்டுத்தொகை ≤ 40 × திறப்பு" என்று எழுதினால் 15 வரிகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக "சேவை ≤ திறப்பு" என்று எழுதினால் 600 வரி. பார்க்க 15 வரிதான் அழகு. ஆனால் சால்வர் முதலில் முழு எண் நிபந்தனையைத் தளர்த்திவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறது. அந்நிலையில் 15 வரி மாடலில் ஒரே ஒரு வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் கிடங்கு நாற்பதில் ஒரு பங்கு திறந்தால் போதும். நிலையான செலவிலும் நாற்பதில் ஒரு பங்குதான். இப்படிக் கிடைக்கும் கீழ்வரம்பு, அதாவது செலவு இதற்குக் கீழே போகாது என்ற எண், உண்மையான செலவுக்கு வெகு தொலைவில் கிடக்கும். மாறிகளை 0, 1 என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கும் தேடல் மரம் கிளைத்துக்கொண்டே போகும். 600 வரி மாடலில் அந்த ஏமாற்று செல்லாது. இரவெல்லாம் ஓடியும் முடியாத ஒரு மாடலை இப்படி விரித்து எழுதியபோது இரண்டு நிமிடத்துக்குள் விடை வந்தது. என் வேலையில் இவ்வளவு மகிழ்ச்சி தந்த நாள்கள் குறைவு.

"தீர்வே இல்லை என்கிறது" என்ற புலம்பல் வாரம் ஒரு முறையாவது வரும். ஒன்றோடொன்று மோதும் கட்டுப்பாடுகளின் சிறு தொகுப்பைத் தேடித் தரும் வசதி பல சால்வர்களில் உண்டு. முதலில் அதை ஓட்டுங்கள். கட்டுப்பாடுகளுக்குப் பெயர் வைக்காதவர்களுக்கு அங்கே "சி4817" என்றுதான் பதில் வரும். நிரந்தரமாக ஓடப்போகும் மாடல் என்றால் தேவைக் கட்டுப்பாட்டில் ஒரு பற்றாக்குறை மாறியைச் சேர்த்து, குறிக்கோள் சார்பில் (மாடல் குறைக்க வேண்டிய செலவுக் கணக்கில்) அதற்குக் கடுமையான அபராதம் வைத்துவிடுவேன். அப்போது "முடியாது" என்பதற்குப் பதிலாக, யாருக்கு எத்தனை பெட்டி குறைகிறது என்று மாடலே சொல்லிவிடும். பயனாளிகளுக்கு உதவுவது அந்தப் பதில்தான்.

மற்றவற்றுக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. மாறியின் மதிப்பை வைத்துப் பைத்தானின் "இஃப்" நிபந்தனை எழுதாதீர்கள். மாடல் கட்டும்போது மாறிக்கு மதிப்பே கிடையாது. பையோமோ பிழை காட்டி நின்றுவிடும், எல்லாக் கருவியும் அப்படி நிற்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு முறை ஓட்டி இரண்டு விடை வந்தால் பதற வேண்டாம். கிடைத்த செலவுக்கும் கீழ்வரம்புக்கும் இடையிலான இடைவெளி 0.01 சதவீதத்துக்குள் வந்ததும் பல சால்வர்கள் நிறுத்திக்கொள்ளும், ஒரே செலவில் பல தீர்வுகள் இருப்பதும் உண்டு.

மாறிகளின் கீழ்வரம்பை, அதாவது ஒரு மாறி எவ்வளவு கீழே போகலாம் என்பதை மட்டும் எப்போதும் கையால் எழுதுங்கள். குரோபியின் பைத்தான் இடைமுகத்தில் எதுவும் சொல்லாவிட்டால் கீழ்வரம்பு 0. பல்ப், பையோமோ, ஆம்பிள், ஜம்ப் ஆகியவற்றில் சொல்லாவிட்டால் வரம்பே இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாடலை மாற்றியபோது இது என்னிடம் ஒரு நாள் முழுவதையும் வாங்கிக்கொண்டது: செலவைக் குறைக்க மாடல் எதிர்மறை அளவில் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அன்று அதைக் கண்டுபிடித்தது, மாடலை வரிவரியாகக் காட்டும் எல்.பி. கோப்பைத் திறந்து பார்த்துத்தான். இப்போது பெரிய தரவை ஏற்றும் முன் இரண்டு கிடங்கு, மூன்று வாடிக்கையாளர் என்று சிறு தரவு கொடுத்து, சால்வருக்குப் போகும் அந்தக் கோப்பை எழுதச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பென்சிலோடு வரிவரியாகப் படிக்கிறேன். சென்ற மாதம் பழைய மாடல் ஒன்றை அப்படிப் படித்தபோது, மூன்றாவது வாடிக்கையாளரின் தேவைக் கட்டுப்பாடு கோப்பிலேயே இல்லை. சுழற்சி ஒரு எண் முன்னதாகவே நின்றிருந்தது.