'இல்லை' சொல்ல மட்டும் தெரிந்த பரிசோதனை

குறைமாதத்திலேயே பிரசவம் ஆகிவிடுமா என்று பார்க்கும் ஃபீட்டல் ஃபைப்ரோநெக்டின் பரிசோதனையை இரண்டாவது கர்ப்பத்தில் மூன்று முறை செய்துகொண்டவள் நான். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒரு முறை வீணாகப் போனதற்கு அதன்மேல் பழி போட முடியாது.

மூத்தவள் 31 வாரத்தில் பிறந்தாள். அப்போது நஞ்சுக்கொடியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், தொப்புள்கொடியில் அழற்சி என்று வந்தது. என் உடம்பில் நடந்த சண்டை குழந்தையின் உடம்புக்குள்ளும் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமாம். எனக்கோ காய்ச்சல்கூட இல்லை. அதனால் இரண்டாவது முறை 29-வது வாரத்தில் ஒரு ராத்திரி வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விட்டபோது, விடியும்வரை காத்திருக்கத் துணிவில்லை.

இந்தப் பரிசோதனை தேடுவது ஒரு புரதத்தை. பனிக்குடச் சவ்வைக் கருப்பையின் உட்சுவரோடு பசை போல ஒட்டிவைத்திருப்பது அது. 22 வாரத்துக்கு மேல், 35 வரைக்கும் அது கீழே கசியக் கூடாது. அழற்சியாலோ வலியாலோ அந்த ஒட்டு விட்டுப்போனால் கசியும். கர்ப்பவாய்க்குப் பின்பக்கம் ஒரு பஞ்சுக் குச்சியைப் பத்து விநாடி சுற்றி எடுத்து, குழாயில் போட்டு, இயந்திரத்தில் வைக்கிறார்கள். வலி கிடையாது. உள்ளே பார்ப்பதற்காக விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவி ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

முதல் தடவை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பணியில் இருந்த இளம் டாக்டர் ஜெல் தடவிக் கைவிட்டுப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் குச்சியைக் கேட்டார். சிஸ்டர் தயங்கினார், ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். காலையில் வந்த பெரிய டாக்டர் சீட்டைப் பார்க்கவே இல்லை. ஜெல்லோ ரத்தமோ பட்டிருந்தால், கைவிட்டுப் பார்த்திருந்தால், முந்தைய 24 மணி நேரத்தில் உறவு கொண்டிருந்தால் முடிவை நம்ப முடியாதாம். முதலில் குச்சி, பிறகுதான் கை. பரிசோதனைக்குப் போகிறவர்கள் இதை வாய்விட்டே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மறுநாள் திரும்ப எடுத்தார்கள். நெகட்டிவ். இதில்தான் இந்தப் பரிசோதனையின் மதிப்பே இருக்கிறது. நெகட்டிவ் வந்த நூறு பேரில் கிட்டத்தட்ட 99 பேருக்கு அடுத்த ஏழு நாளில் பிரசவம் ஆகாது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, மூத்தவளுக்குத் தலை பின்னிவிட்டேன்.

33-வது வாரத்தில் மறுபடியும் இறுக்கம், இந்த முறை பாசிட்டிவ். நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. "ஆன்டிபயாடிக்கும் போட்டுவிடலாமே டாக்டர்?" என்று கேட்டேன். மூத்தவளின் ரிப்போர்ட் மனதைவிட்டுப் போகவில்லை. அவர் உட்கார்ந்து விளக்கினார். பனிக்குடம் உடையாமல், தொற்றின் அறிகுறியும் இல்லாமல் வலி மட்டும் வந்த பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆரக்கிள் ஆய்வு 2001-ல் வந்தது, பலன் தெரியவில்லை. அந்தக் குழந்தைகளை ஏழு வயதில் பார்த்தபோது, மருந்து வாங்கியவர்களின் பிள்ளைகளிடம் மூளை முடக்குவாதம் சற்றுக் கூடுதலாக இருந்தது. "தேவையில்லாமல் போட மாட்டேன்மா" என்றார். சரி என்று விட்டேன்.

ஏழு நாள் வார்டில் படுத்திருந்தேன். குழந்தை 38-வது வாரத்தில்தான் வந்தான்! பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வாரத்தில் பெறுவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஏழு ராத்திரியில் இரண்டிலாவது தூங்கியிருப்பேன். ஒன்றரை மதிப்பெண் போனது இதனால்தான். உள்ளே தொற்று இருக்கிறதா, குழந்தைக்கு அழற்சி இருக்கிறதா என்பதையும் இது சொல்லாது. அதற்குப் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும், அது வேறு கதை.

இன்னொரு குறை. ஒரு மில்லிலிட்டரில் அந்தப் புரதம் 50 நானோகிராமை எட்டினால் பாசிட்டிவ் என்பது கணக்கு. ஆனால் 60-ம் 400-ம் ஒன்றல்ல, எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். எண்ணையே காட்டும் இயந்திரங்களும் இருக்கின்றன. என் சீட்டில் 'பாசிட்டிவ்' என்ற ஒரே வார்த்தைதான். எத்தனை என்று சிஸ்டரிடம் கேட்டேன், அவர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.