‘கால் த மிட்வைஃப்’: பழைய சீசன்களா, பிந்தையவையா?

பிபிசியில் 2012இல் தொடங்கிய தொடர் இது. முதல் மூன்று சீசன்களில் நாயகி ஜென்னி லீ. ஜெனிஃபர் வொர்த்தின் நினைவுக்குறிப்புகளிலிருந்து வந்தவள். 1957, கிழக்கு லண்டனின் பாப்ளர். துறைமுகத் தொழிலாளர் வீடுகளுக்கு ஜென்னியும் மற்ற மருத்துவச்சிகளும் சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்க்கிறார்கள். தாயின் வயிற்றில் சின்னக் குழலை வைத்து, அதில் காதை அழுத்திக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும்போது நமக்கும் மூச்சு நின்றுவிடும். அப்புறம், நெடிய உருவத்தோடு சக மருத்துவச்சி சம்மி சைக்கிள் பழகும் கூத்து! பழைய காலத்து வாசம் வேண்டுமென்றால் இவையே போதும்.

ஜென்னி போன பிறகு தொடர் படுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். இல்லை. ஐந்தாவது சீசனில் 1961, தாலிடோமைடு. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுத்த மாத்திரையால் கைகால் முழுதாக வளராமல் குழந்தைகள் பிறக்கின்றன. எழுதிக்கொடுத்தவரோ நமக்குப் பிடித்த டாக்டர் டர்னர். வில்லன் யாருமில்லை, அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. கருத்தடை மாத்திரை, மருத்துவமனைப் பிரசவம் என்று காலமும் மாறிக்கொண்டே போகிறது.

பிற்பாடு சில அத்தியாயங்கள் ஒரே அச்சில் வார்த்தவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு ஐந்தாவது சீசனுக்கே. கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் அதை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.