ஹைட்ராஃபில்: தேய்ந்த டிஸ்குக்குள் செலுத்தப்படும் ஹைட்ரோஜெல்

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்கின் தேய்மானத்தால் நாள்பட்ட இடுப்புவலியோடு வாழ்பவருக்கு, மாத்திரையும் பிசியோதெரபியும் பலனளிக்காமல் போனபின் எலும்புகளை இணைத்து இறுக்கும் அறுவை சிகிச்சைதான் மிஞ்சும் என்ற நிலை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்த இடைவெளியைக் குறிவைத்து அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ரீஜெல்டெக் நிறுவனம் உருவாக்கிய, நீரைத் தன்னுள் தேக்கிவைக்கும் ஹைட்ரோஜெல் வகைப் பொருள் ஹைட்ராஃபில். 2020இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு வழங்கிய 'திருப்புமுனைக் கருவி' என்ற தகுதி, பரிசீலனையை விரைவுபடுத்தும் ஏற்பாடே தவிர விற்பனை அனுமதி அன்று; செய்திகளில் இந்த வேறுபாடு அடிக்கடி மறைந்துவிடுகிறது.

கெட்டியான ஜெல்லைச் சுமார் 65 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி இளக வைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே ஊசி வழியாக டிஸ்கின் நடுப்பகுதிக்குள் செலுத்துகிறார்கள்; உடல் வெப்பத்துக்கு ஆறும்போது அது உள்ளிருக்கும் வெடிப்புகளை நிரப்பியவாறே மீள்தன்மையோடு இறுகுகிறது. இதன் அருமை, முன்னோடிகளின் கதை தெரிந்தவர்களுக்கே விளங்கும். ரேமெடிக்கா நிறுவனம் 1990களில் கொண்டுவந்த, டிஸ்கின் நடுப்பகுதிக்கு மாற்றாக வைக்கும் பி.டி.என். என்ற கருவியிலும் ஹைட்ரோஜெல்தான் இருந்தது. ஆனால் நெய்த உறைக்குள் அடைத்த அந்தக் கட்டியை உள்ளே வைக்க டிஸ்கின் வெளிப்புற நார்வளையத்தைக் கீறித் திறக்க வேண்டியிருந்தது, சிலருக்கு அது இடம்பெயர்ந்து வெளியேறியும் விட்டது. ஊசித்துளையோடு வேலையை முடிப்பது அந்தக் குறைக்கு நேரடியான விடை என்பேன்.

பலனைப் பற்றிய தரவுகளில்தான் எனக்குத் தயக்கம். 2022இல் வெளியிடப்பட்ட முதற்கட்ட ஆய்வில், 22 முதல் 69 வயது வரையிலான 20 பேருக்கு, பத்துக்கு 7.1 ஆக இருந்த சராசரி வலி ஆறு மாதத்தில் 2.0 ஆகக் குறைந்தது. எண்கள் கண்ணைப் பறிக்கின்றன; ஆயினும் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கையே வலியைக் கணிசமாகக் குறைக்கக்கூடிய நோய் இது என்பதால், போலிச் சிகிச்சை பெற்ற குழுவோடு ஒப்பிடாத வரை, அந்த இறக்கத்தில் ஜெல்லின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது.

மேலும், இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லாத டிஸ்கில் மடிந்த செல்களை இந்த ஜெல் உயிர்ப்பிப்பதில்லை. இழந்த தாங்குதிறனை மட்டுமே ஈடுகட்ட முயல்கிறது. எனவே 'டிஸ்க் மறுபடி வளர்கிறது' என்று சொல்லி இதை யாரேனும் பரிந்துரைத்தால் நம்ப வேண்டியதில்லை. முறையான மருத்துவ ஆய்வுக்குள் சேர வாய்ப்பிருப்பவர் தம் முதுகெலும்பு மருத்துவரோடு பேசிப் பார்க்கலாம். அதற்கு வெளியே பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் அளவுக்கு, என் கணிப்பில், சான்றுகள் இன்னும் முதிரவில்லை.